கரடிப் படம் போட்ட அட்டை

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். ஓசூரில் வேலை. அமெரிக்காவில் 2004, 2008 இரண்டு முறையும் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற டென்னிஸ் குசினிச் பற்றிச் சமீபத்தில் படித்தேன். இராக் போரை எதிர்த்து ஓட்டுப் போட்டவர், போலீஸுக்கும் உளவுத்துறைக்கும் கண்காணிக்கிற அதிகாரத்தைக் கூட்டிய பேட்ரியாட் சட்டத்தை எதிர்த்தவர், அமைதிக்கென்றே தனித் துறை வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தவர். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. நம்மூர் வேட்பாளர்களோ தண்ணீர், ரோடு என்பதைத் தாண்டுவதே இல்லை. நம் பக்கம் போரும் இல்லை, மனித உரிமைப் பிரச்சினையும் பெரிதாக இல்லை என்பதாலா? வெளியுறவுக் கொள்கையைப் பார்த்து ஓட்டுப் போடுவது முட்டாள்தனமா?

க.

அன்புள்ள க.,

தேர்தல் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இது.

முட்டாள்தனமா என்றால், இல்லை. 2023 கடைசியில் ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. கிருஷ்ணகிரி மாங்கூழும் கப்பலில்தான் போகிறது. பெங்களூரா காய்க்குக் கிலோவுக்கு என்ன விலை என்று மண்டி வாசலில் நிற்பவரிடம் வெளியுறவுக் கொள்கை வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அது அவ்வளவுதான், விடுங்கள்.

தண்ணீரை மட்டும் அப்படி இளக்காரமாக எழுதாதீர்கள். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறிய தலைமுறை நான். ஒகேனக்கல் குழாய் வந்தது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. (கர்நாடகத்தோடு நடந்த அந்த இழுபறியைப் பார்த்தவர்களுக்கு அதுவே பாதி வெளியுறவுக் கொள்கை.)

குசினிச்சுக்கு வருகிறேன். நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. 2001 செப்டம்பர் 14 அன்று, நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மூன்றாம் நாள், படை அனுப்ப ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிற தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் வந்தது. ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒற்றை ஓட்டு பார்பரா லீ என்ற பெண்மணியுடையது. உங்கள் குசினிச் அந்த 420-இல் ஒருவர். அடுத்த மாதம் பேட்ரியாட் சட்டம் வந்தபோது எதிர்த்தார், அதற்கடுத்த வருஷம் இராக் தீர்மானத்தை எதிர்த்தார், எல்லாம் சரி. ஆனால் அந்த வாரத்தில் எதிர்க்கவில்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அன்றைக்குக் கை தூக்கியிருப்பேன். கொள்கை என்று அச்சடித்துக் கொடுக்கிற தாளில் இது இருக்காது. ஊரே பயந்துபோயிருக்கிற வாரத்தில் ஆள் எங்கே நின்றான் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஓசூரில் இருக்கிறீர்கள், தொரப்பள்ளி போயிருக்கிறீர்களா? ராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்று வயதில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் போய்ச் சொன்னவர் அவர். கியூபா ஏவுகணை நெருக்கடிக்குச் சில வாரம் முன்பு. அமைதி பேசுகிற வேட்பாளர் நம் பக்கம் இல்லை என்கிறீர்களே, இதோ. ஆனால் அதே மனிதர் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது இந்தியை எதிர்த்து மறியல் செய்தவர்களை எந்தச் சட்டத்தில் உள்ளே போட்டார் தெரியுமா? காங்கிரஸ்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தில். தாளமுத்துவும் நடராசனும் சிறைப்பட்டு 1939-இல் செத்துப்போனார்கள். கென்னடியிடம் தர்மம் பேசுவது சுலபம், தம்பி. நம் கையில் போலீஸ் இருக்கும்போதுதான் கஷ்டம்.

அப்புறம் அந்த ஒரு வரி. "மனித உரிமைப் பிரச்சினையும் பெரிதாக இல்லை." அரூர்க்காரர் எழுதுகிற வரியா இது? வாச்சாத்தி உங்கள் பக்கம்தானே? 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்தவர்கள் பதினெட்டுப் பெண்களை என்ன செய்தார்கள் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லையா? குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். தீர்ப்பு வந்தது 2011-இல். அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அமெரிக்காவின் குசினிச்சைப் பற்றி இவ்வளவு படித்தவருக்கு இது கண்ணில் படவில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, கோபம் போதும். பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

1980-இல் நான் ஏழாவது. அப்பா பென்னாகரம் பக்கம் ஆரம்பப் பள்ளி வாத்தியார். வீட்டுக்குத் தபாலில் 'சோவியத் நாடு' வரும். அவர் கம்யூனிஸ்ட் இல்லை. வழவழவென்ற அந்தத் தாள் நோட்டுக்கு அட்டை போட நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அந்த வருஷம் மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். என் பூகோள நோட்டுக்கு இடுப்பில் பெல்ட் கட்டிய மீஷா கரடிப் படத்தை அட்டையாகப் போட்டுக் கொடுத்தார்.

அது நக்சலைட் வேட்டை நடந்த வருஷம். தர்மபுரி பக்கம் நாயக்கன்கொட்டாயில் அப்புவோடு சிலையாக நிற்கிற நக்சலைட் பாலன், கைதாகி இறந்துபோனது அப்போதுதான். ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்கும் போலீஸ்காரர்கள் வந்தார்கள். கேழ்வரகுக் குதிருக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். பிறகு டார்ச் வெளிச்சம் என் நோட்டின் மேல் நின்றது. "இது எந்தக் கட்சிச் சின்னம்?" அப்பா வாத்தியார் இல்லையா, விளக்கம் சொன்னார். "ஒலிம்பிக்ஸ் சார். ஹாக்கியில் நாம்தான் தங்கம்." பத்திரிகைகள், நோட்டு, அப்பா, மூன்றையும் கொண்டுபோனார்கள். 1971-இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட நட்பு நாட்டின் பத்திரிகை அது. டெல்லிக்கு நட்பு, எங்கள் வீட்டில் தடயம். வெளியுறவுக் கொள்கையும் மனித உரிமையும் எனக்கு அன்றைக்கே ஒன்றாகத்தான் அறிமுகமாயின.

அந்த மே மாதம்தான் சட்டமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. இரண்டு வேட்பாளர்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒருவர் எமர்ஜென்சி கொடுமைகளைப் பற்றிச் சந்தையில் ஒரு மணி நேரம் பேசியவர். அம்மா இரண்டு பேர் வீட்டுக்கும் நடந்தாள். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர் இருந்தார், ஆனால் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா மத்தியானம் வரை நின்றாள். குளித்து முடிக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனது தபால்காரர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இதைக் கொண்டுவந்து குடுத்தது நாந்தான் சார். சர்க்கார் தபால்ல வந்த புஸ்தகம். அவரைப் புடிச்சா என்னையும் புடிங்க" என்றாராம். கை நடுங்கியதாம், அவரே பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்றாம் நாள் அப்பாவை விட்டார்கள். வந்தவர் ஒரு வாரம் மல்லாந்து படுக்கவில்லை.

நோட்டு ஒரு மாதம் கழித்து வந்தது, அட்டை இல்லாமல். போன வாரம் அந்த நோட்டு பெட்டியின் அடியில் கிடைத்தது. அப்பா அதற்கு மறுபடி அட்டை போட்டிருக்கிறார். பழுப்புத் தாளில், மடிப்பெல்லாம் கச்சிதமாக. மேலே என் பெயர்கூட எழுதவில்லை.