கதை போகும் வழி: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, படித்த கதையையும் பார்த்த கதையையும் பற்றியவை. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

‘அசுரன்’ படத்தைப் பார்த்த வேகத்தில் ‘வெக்கை’ நாவலை வாங்கிப் படித்தேன். படத்தில் என்னை உலுக்கிய முன்கதை நாவலில் இல்லை. கதை பாதியில் நின்றுவிட்டதுபோல் தோன்றுகிறது. படம்தான் மேல் என்று சொல்லலாமா? (வாசகர், சேலம்)

மேல், கீழ் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்த்துவிடலாம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடும் கணத்தில் நாவல் தொடங்கிவிடுகிறது. அதன்பின் அவனும் அவனுடைய அய்யாவும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்களைத் தவிர வேறெதற்கும் அது பெரிதாக இடம் கொடுப்பதில்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைப் பொங்கித் தின்பது, இன்றைய இரவை எங்கே கழிப்பது என்ற கவலைகளே பக்கங்களை நிரப்புகின்றன. சாதியின் பெயரை உச்சரிக்காமலேயே சாதியின் அழுத்தத்தை உணரவைத்துவிடுகிற எழுத்து அது. கொலை செய்த மகனைத் திட்டவும் மனமில்லாமல், மெச்சவும் மனமில்லாமல், அவனோடு சேர்ந்து நடக்கிற தகப்பனின் பேச்சில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கதை நகராத இடம் என்று நினைத்து வேகமாகப் புரட்டியிருந்தால், நாவல் பாதியில் நின்றதுபோலத்தான் தோன்றும்.

வெற்றிமாறன் 2019இல் எடுத்த படத்துக்குத் தேவை வேறு. இத்தனை வலுவுள்ள ஒரு மனிதன் ஏன் இவ்வளவு பொறுமையாக இருக்கிறான் என்ற கேள்விக்குத் திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணால் காணும் விடை வேண்டும். அதற்காகவே படத்தின் தகப்பனான சிவசாமியின் இளமைக்காலம், செருப்பு அணிந்ததற்காக ஒரு பெண் படும் அவமானம், குடிசைகளுக்கு வைக்கப்படும் தீ ஆகியவை படத்தில் சேர்ந்தன. அந்தப் பகுதி படத்துக்கு வலுவூட்டியது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் விடை கிடைத்துவிட்டதால் தகப்பனின் மௌனம் படத்தில் சற்றுச் சிறுத்துவிட்டது என்பது என் எண்ணம். எனக்கு நாவலின் தகப்பன்தான் நெருக்கமானவர். உங்களுக்குப் படத்தின் சிவசாமி நெருக்கமாக இருந்தால் அதில் குறையொன்றும் இல்லை.

ஆனால் இங்கேயே நின்றுவிடாதீர்கள். பூமணி என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு ‘பிறகு’ நாவலுக்குப் போங்கள். நேரமும் பொறுமையும் இருந்தால், 2014ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘அஞ்ஞாடி’க்கும் போங்கள். தீப்பெட்டித் தொழிலில் கருகும் பிள்ளைகளைப் பற்றிய ‘கருவேலம்பூக்கள்’ படத்தை இயக்கியவரும் இதே பூமணிதான் என்பது பலருக்குத் தெரியாது. வெற்றிமாறன் பக்கமாகத் திரும்பினால், ‘விசாரணை’யிலிருந்து மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’புக்குப் போகலாம், ஆந்திரக் காவல் நிலையத்தில் தான் பட்ட அடியை எழுதிய ஆட்டோ ஓட்டுநரின் புத்தகம் அது. படம் தொடங்கும்போது ‘கதை’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பெயர் இரண்டு மூன்று நொடிகள் தோன்றி மறைகிறதே, நாம் பாப்கார்னைப் பிரித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் தவறவிடுவது பெரும்பாலும் ஒரு நல்ல புத்தகத்தின் முகவரியைத்தான்.

சாவதற்குள் படிக்க வேண்டிய நூறு கதைகளின் பட்டியல் ஒன்றைத் தாருங்கள். (வாசகர், கரூர்)

தரமாட்டேன். நூறு எழுதினால் பத்தாவதோடு நிறுத்திவிடுவீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு கதையின் பெயரை எழுதி அனுப்புங்கள்; அடுத்ததைச் சேர்ந்து தேடலாம்.

சிறு வயதில் இரும்புக்கை மாயாவி என்றால் எனக்கு உயிர். ஐம்பது வயதில் மறுபதிப்பை வாங்கிப் படித்தபோது சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. காமிக்ஸ் என்பதே சிறுவர்களுக்கு மட்டும்தானோ? (வாசகர், விருதுநகர்)

உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் அவர் என்பதால், ஏமாற்றம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அதன் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் தணியலாம். ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் சிறுவர் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. வாரத்துக்கு ஓரிரு பக்கங்களாக வெளிவந்ததால், அடுத்த வாரமும் பையன் கடைக்கு ஓடி வரவேண்டும் என்பதற்காகச் சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி எதிலாவது மாட்டிக்கொண்டே ஆகவேண்டும். அதையெல்லாம் ஒரே மூச்சில் தொகுப்பாகப் படிக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு, ஓயாமல் யாரோ கழுத்தைப் பிடிப்பதுபோல் சலிப்புத் தட்டத்தான் செய்யும். இரவுக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியான லூயிஸ் கிராண்டேலின் உடல் மறைய, அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நகர்ந்து வருவதை ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ எவ்வளவு கருமையான நிழல்களோடு தீட்டியிருக்கிறார் என்பது அப்போது கண்ணில் படும். தொடக்கத்தில் அந்த ஆள் நல்லவனும் அல்லன். மறையும் சக்தி கிடைத்ததும் குற்றத்தில் இறங்கி, பிற்பாடே உளவாளியாகத் திருந்தியவன். சிறு வயதில் நமக்கு அந்த இருள் உறைத்திருக்காது.

காமிக்ஸ் சிறுவர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்விக்கு, அதே சிவகாசியிலிருந்து வந்த இன்னொருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். கேப்டன் டைகர் என்று நாம் அறிந்த அந்தக் குதிரைப்படை அதிகாரி, 1963இல் பிரெஞ்சு இதழான ‘பிலோட்’டில் புளூபெரி என்ற பெயரோடு பிறந்தவர். கதை ஷான்-மிஷெல் ஷார்லியே, ஓவியம் ஷான் ஷிரோ. ‘தங்கக் கல்லறை’யை இப்போது எடுத்துப் படித்தால், தங்கத்துக்காக மனிதர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றுவதைவிட, அவர்களைச் சுற்றியிருக்கும் பாறையும் புழுதியும்தான் உங்களை மிரட்டும். இளமையில் மெக்சிகோவில் சில மாதங்கள் கழித்த ஷிரோ, அங்கே கண்ட பாலைவனத்தை ஆயுள் முழுவதும் வரைந்துகொண்டிருந்தார். அவரே மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் விண்வெளிக் கனவுகளையும் வரைந்தார். அதில் ‘ஆர்சாக்’ என்ற படக்கதையில் வசனமே கிடையாது என்பதால், பிரெஞ்சு தெரியாத நமக்கும் எந்தத் தடையும் இல்லை. ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ படத்தில், 1979இல், அந்தக் கப்பல்காரர்கள் போட்டுக்கொண்டு இறங்கும் விண்வெளி உடைகள் அவர் வடிவமைத்தவை. டைகரின் அழுக்குச் சட்டையை வரைந்த அதே கை என்று தெரிந்த பிறகு அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். புதிய உடை என்று ஒன்றுகூட அதில் இல்லை, எல்லாமே உழைத்துத் தேய்ந்தவை.

சொந்த வாழ்க்கையைப் படக்கதையாகச் சொல்லும் வகையும் உங்கள் வயதுக்கு ஏற்றது. மர்ஜானே சத்ரபி ஈரானில் தான் வளர்ந்த கதையைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் எழுதிய ‘பெர்சபொலிஸ்’ தமிழிலும் வந்திருக்கிறது. 2007இல் அதைப் படமாக்கியபோது நடிகர்களைத் தேடாமல், அந்தக் கோட்டோவியங்களையே அசையவைத்தார்கள். முகங்கள் அவ்வளவு எளிய கோடுகளாக இருப்பதால், தெஹ்ரானின் ஒரு சிறுமியை நம் தெருச் சிறுமியாக நினைத்துக்கொள்வதில் நமக்குச் சிரமமே இருப்பதில்லை.

முதலில் புத்தகமா, முதலில் படமா? வீட்டில் தினமும் சண்டை. (வாசகி, தஞ்சாவூர்)

எது முதலில் கைக்குக் கிடைக்கிறதோ அதுவே முதலில். படம் பார்த்துவிட்டால் கதாபாத்திரத்தின் முகம் மனதில் ஒட்டிக்கொண்டுவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான்; இருந்தாலும் நல்ல புத்தகம் அந்த முகத்தை ஐம்பது பக்கங்களுக்குள் மாற்றிவிடும்.

‘பதேர் பாஞ்சாலி’யைப் பாருங்கள். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல் 1929இல் நூலானது. சத்யஜித் ராய் அதைப் படமாக்கும் எண்ணத்தோடு அணுகவில்லை. கல்கத்தாவில் ஒரு பதிப்பகத்துக்காக, சிறுவர்களுக்கெனச் சுருக்கப்பட்ட பதிப்புக்குப் படம் வரைந்து கொடுக்கும் வேலையாகத்தான் அது அவர் மேசைக்கு வந்தது. அன்று தீட்டிய ஓவியங்களில் சில, 1955இல் வெளிவந்த படத்தில் அப்படியே காட்சிகளாயின. ஆக, இந்தக் கதை எழுத்து, ஓவியம், சினிமா என்று மூன்று வீடுகளில் குடியிருந்திருக்கிறது. நாவலில் கிழவி இந்திர் தாக்ரூன் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறாள். படத்திலோ ராய் அவளை வெகு தூரம் உயிரோடு கூட்டி வந்து, ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குழந்தைகள் மூங்கில் தோப்பில் அவளைக் கண்டெடுக்கும்படி செய்கிறார். நாவலை முதலில் படித்தவர் அந்த இடத்தில் இயக்குநரின் துணிவைக் காண்பார். படத்தை முதலில் பார்த்தவர், நாவலில் அவள் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதைக் கண்டு திகைப்பார். இரண்டு அனுபவங்களில் எதையும் இழக்க எனக்கு மனம் வராது.

நாவலைத் தமிழாக்கியவர் ஆர். ஷண்முகசுந்தரம். அவரே எழுதிய ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. கொங்குக் கிராமத்து நிலத்தகராறு ஒன்றைச் சிறிய புத்தகத்துக்குள் அடக்கியிருக்கும் அந்த நாவலை, வங்காளக் கிராமத்திலிருந்து திரும்பும் வழியில் படித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயரைத் தொடர்ந்து போவது பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை.

வாட்ஸ்அப் குழுக்களில் நாவல்களும் காமிக்ஸும் பிடிஎப் ஆக வருகின்றன. படிக்கலாமா? (வாசகர், ஓசூர்)

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்த படைப்புகளுக்கும், அரசு நாட்டுடைமையாக்கியவற்றுக்கும் தடையில்லை. புதுமைப்பித்தனும் கல்கியும் அப்படிப்பட்டவர்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின் நூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம் ஆகிய மூன்றிலும் தேடினால், குழுவில் வரும் மங்கலான நகலைவிட நல்ல பிரதி கிடைக்கும். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ பிடித்தவர்கள், அதற்கு விதையாக இருந்த புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை இலவசமாகவே படித்து, விதை எவ்வளவு, மரம் எவ்வளவு என்று அளந்து பார்க்கலாம்.

உயிரோடிருக்கும் எழுத்தாளரின் புத்தகமும் இப்போது வெளிவரும் காமிக்ஸும் அப்படியல்ல. தமிழ் காமிக்ஸ் இன்று பெரும்பாலும் சந்தாதாரர்களை நம்பி நடக்கிறது. நீங்கள் இலவசமாகப் படிக்கும் ஒவ்வொரு இதழும் அடுத்த இதழின் அச்சுக்கூலியில் கைவைக்கிறது.

பாட்டி வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்த தொடர்கதை ஒன்று கிடைத்தது. முதல் சில அத்தியாயங்கள் இல்லை. தலைப்பு அச்சான மேல்பகுதியைப் பைண்டிங் கடைக்காரர் ஓரம் வெட்டும்போது எடுத்துவிட்டார். எழுதியவர் பெயரும் தெரியவில்லை. முடிவு மட்டும் மறக்கவே முடியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகி, காரைக்குடி)

உண்டு, கதையை விட்டுவிட்டுப் பக்கங்களின் பின்புறத்தைப் படியுங்கள். அங்கே இருக்கும் விளம்பரங்களில் விலை எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அணாக் கணக்கு மட்டும் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் அதற்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ‘சென்னை-2’ என்பதுபோல முடிந்திருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். லை, னை போன்ற எழுத்துகள் தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவில் அச்சாகியிருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தம் அந்த இதழுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். சினிமா விளம்பரம் ஏதேனும் அகப்பட்டால் மாதம் வரைக்கும் நெருங்கிவிடலாம்.

அடுத்து, ஓவியங்களின் மூலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோபுலு, மணியம், ம.செ., ஜெயராஜ் என்று கையொப்பம் இருந்தால், எந்த இதழ் என்பது பாதி தெரிந்துவிடும்; ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை கோபுலுவின் சித்திரங்களைத் தவிர்த்து நினைத்துப் பார்க்க முடியாத வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆண்டும் ஓவியரும் கிடைத்த பிறகு, சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் ஊருக்கு அருகேயுள்ள கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் அதற்கு அடித்தளம். தொகுப்பைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். ஓவியமுள்ள இரண்டு பக்கங்களையும் விளம்பரமுள்ள இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினால் போதும். முடிவு என்னவென்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் மூத்த வாசகர் யாரேனும் தலைப்பைச் சொல்லிவிடக்கூடும்.