ஞாயிறு மாலையே வயிறு பிசைகிறதா?

கேள்வி: தனியார் நிதி நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை. எட்டு மாதம் முன்பு புது மேலாளர் வந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "உங்களையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார். ஞாயிறு மாலை ஆனாலே வயிறு பிசைகிறது. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. "எந்த ஆபீஸில்தான் திட்டவில்லை, பொறுத்துப் போ" என்கிறார் அம்மா. நான்தான் தொட்டாற்சிணுங்கியா?

பதில்: இல்லை. நான்கு வருடம் தாக்குப்பிடித்தவர் எட்டே மாதத்தில் தொட்டாற்சிணுங்கி ஆகிவிட மாட்டார். அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாவிட்டால் உடம்பு காவலுக்கு உட்கார்ந்துவிடும். வயிற்று வலியும், கலையும் தூக்கமும், வீட்டில் குழந்தை மேல் எரிந்து விழுவதும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் வயிற்று டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அம்மா சொல்லும் திட்டு வேறு. "இந்த மூன்று கணக்கு ஏன் நிலுவை?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பது கண்டிப்பு. உங்கள் மேலாளரின் கேள்வியில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 1980-களில் ஸ்வீடனில் இதை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால் அது பணியிடக் கொடுமை என்று அளவு வைத்தார். உங்கள் திங்கட்கிழமைகள் அதைத் தாண்டிவிட்டன.

கேள்வி: ராஜினாமா மெயில் எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன். நாளைக்கே பேப்பர் போட்டுவிடவா?

பதில்: போக நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் கொஞ்ச நாள் அது டிராஃப்டிலேயே இருக்கட்டும். அதற்குள் ஒரு நோட்டு போடுங்கள். "மோசமாக நடத்தினார்" என்று எழுதாதீர்கள். "மார்ச் 4, மதியம் 2.30, ஆறு பேர் முன்னால் என் கையிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கினார்" என்று எழுதுங்கள். ஹெச்.ஆரிடம் வாயால் சொல்லாமல் மெயிலில் சொல்லுங்கள். பாலியல் சீண்டலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழுவும் உண்டு. மற்ற கொடுமைகளுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாததால், அந்த நோட்டுதான் உங்கள் பலம். ஐந்து வருடம் நிறையச் சில மாதமே பாக்கி என்றால், அது நிறைந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டியையும் (பணிக்கொடை) கணக்குப் பாருங்கள்.

சாகலாம் போலத் தோன்றினால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே லீவு போடுங்கள், வீட்டில் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: நான் செவிலியர். என்னை யாரும் எதுவும் சொல்வதில்லை. ஜூனியர் பெண் ஒருத்தியைத்தான் இன்சார்ஜ் சிஸ்டர் நோயாளிகள் முன்னாலேயே அழவைக்கிறார். எனக்கு ஏன் வேலையை விடத் தோன்றுகிறது?

பதில்: பார்த்துக்கொண்டு நிற்பவர் மனமும் நோகும். கனடாவில் செவிலியர்களிடம் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது: கொடுமை நடக்கும் வார்டில் இருந்தாலே, தன் மேல் படாதவர்களுக்கும் விலகும் எண்ணம் வந்திருந்தது. அடுத்த முறை அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசி டிரேயை எடுக்க வரும்போது பக்கத்தில் போய், "நான் பார்த்தேன், உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். அப்புறம், அவள் புகார் எழுதினால் சாட்சியாக உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள்.