பந்து விளையாடும் மகனுக்குப் பல் கூச்சம்

ஐயா, சுங்கை சிப்புட் தோட்டத் திடலில் தினமும் பந்து விளையாடும் உங்கள் மகனுக்கு, இருவேளை பல் துலக்கியும் ஐஸ் பட்டால் கூசுகிறது என்கிறீர்கள். என் சந்தேகம் ஆட்டத்தின்போது அவன் குடிக்கும் ஐசோடோனிக் (உப்பும் சர்க்கரையும் கலந்த விளையாட்டுப் பானம்) போத்தல்மேல்தான். (விளம்பரத்தில் வரும் வீரனின் சிரிப்பை நம்பாதீர்கள்.) அதில் சர்க்கரையோடு அமிலமும் உண்டு, வாயில் பிஎச் (அமிலத்தைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேல்படலமான எனாமல் கரையத் தொடங்கும். ஓடும்போது வாய் உலர்ந்து எச்சிலும் குறைகிறது. அந்த நேரத்தில் மடக்கு மடக்காக உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் மோசம்.

ஒரு மணி நேர ஆட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். அந்தப் பானத்தைக் குடித்தே தீருவேன் என்றால், குடித்ததும் வாய் கொப்பளிக்கட்டும். உடனே பிரஷ்ஷைத் தொட வேண்டாம், இளகிய எனாமல் தேய்ந்துவிடும். அரை மணி நேரமாவது பொறுக்கட்டும். கூச்சம் ஒரே பல்லில் என்றால் சொத்தையோ விரிசலோ இருக்கலாம். அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.