சேமிப்பைத் துடைத்து 17 வயது ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாமா?

கேள்வி: பெற்றோர் இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு மாதம் இரண்டு முறை போய் வருகிறேன். கடைசி 4 கிலோமீட்டர் மண் பாதை. மழைக்காலத்தில் என் சின்ன கார் இரண்டு முறை சேற்றில் சிக்கிவிட்டது. 17 ஆண்டு பழைய, பெரிய டீசல் ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும்) வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2,10,000 கிலோமீட்டர் ஓடியது. சேமிப்பு முழுவதையும் போட்டால் விலையில் 70 சதவீதம் ஆகிறது. மீதி 30 சதவீதத்துக்குத் தனிநபர் கடன், 3 ஆண்டு, 10 சதவீத ஃபிளாட் வட்டி. சின்ன காரை விற்றால் விலையில் இன்னொரு 30 சதவீதம் கிடைக்கும், அது டயருக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஆகும். அலுவலகத்துக்கும் இதிலேயே போய்க்கொள்வேன், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் வரும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இந்த வண்டியை இந்தக் கணக்கில் வாங்காதீர்கள். ஆனால் உங்கள் தேவை நியாயமானது. அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு மழை நாளில் போய்ச் சேர முடியவில்லை என்பதை ஆசைச் செலவு என்று தள்ள மாட்டேன். அதனால் எப்படி வாங்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.

முதலில் கடன். ஃபிளாட் வட்டி என்றால், நீங்கள் அசலை மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். 3 ஆண்டுக்கு 10 சதவீத ஃபிளாட் என்பது, குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 18 சதவீதம். வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், 30 கடனுக்கு 39 கட்டுகிறீர்கள், மாதத் தவணை 1.08. இதைவிட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் போனால், கையில் ஒன்றும் இருக்காது. ஓடாத வண்டிக்கும் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

பழைய வண்டியில் ஒரு நல்ல விஷயம் உண்டு. விலை விழ வேண்டிய அளவு ஏற்கெனவே விழுந்துவிட்டது, இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டு விற்றாலும் பெரிதாக நஷ்டப்பட மாட்டீர்கள். அந்த லாபம் ரிப்பேரிலும் எரிபொருளிலும் கரைந்துபோகிறது. இத்தனை எடையுள்ள பழைய வண்டி லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்து, உங்கள் சின்ன கார் 16 கொடுத்தால், 12,000 கிலோமீட்டருக்கு 1,500 லிட்டர், 750 லிட்டர் என்று வரும். வித்தியாசம் ஆண்டுக்கு 750 லிட்டர். மாதம் இரண்டு நாள் சேற்றுக்காக, மீதி நாளெல்லாம் தார் ரோட்டில் இதைக் கொடுக்கிறீர்கள்.

அப்புறம் ரிப்பேர். ஃபோர் வீல் டிரைவில் சாதாரண காரைவிடப் பாகங்கள் அதிகம்: முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், வளைவில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் முன்னாலும் பின்னாலும், விசையை அங்கே கொண்டுபோகும் இரண்டு புரோப்பெல்லர் ஷாஃப்ட். தேய்மானமும் அத்தனை இடத்தில். பழைய வண்டிகளில் பெரும்பாலானவை பார்ட் டைம் வகை, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலைப் போட வேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஓடும் தூரம் ஒன்றல்ல. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டினால் வழுக்க இடமில்லாமல் முறுக்கு முழுக்க கியர்களிலும் ஜாயின்ட்களிலும் ஏறும். முந்தைய உரிமையாளர் அப்படித்தான் ஓட்டினாரா என்பதை எந்தப் பதிவு ஆவணமும் சொல்லாது. ஓட்டிப் பார்த்துத்தான் தெரியும்.

ஒருமுறை என்னிடம் ஆலோசனைக்கு வந்தவருடன் வண்டி பார்க்கப் போயிருந்தேன். மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. அடியில் சேஸிஸ் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு. கூட வந்த மெக்கானிக் படுத்து, பின் சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார். முனை உள்ளே போய்விட்டது. பிஸ்கட் மாதிரி துரு உதிர்ந்தது. எஞ்சின் கெட்டால் மாற்றலாம். முதுகெலும்பே அரித்துப்போன வண்டிக்குப் பேரமே பேசக் கூடாது. நாங்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டோம். மெக்கானிக்குக் கொடுத்த கூலியை அன்று வரவாகத்தான் எழுதினேன்.

அதனால் எந்த வண்டியானாலும் நீங்கள் நம்பும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்துவிட்டார்கள், குளிர்ந்த எஞ்சினின் குணத்தை இனி பார்க்க முடியாது. டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மண் தரையில் ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை), வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து ஃபோர் லோ (மெதுவாக, அதிக இழுவிசையோடு போகும் நிலை), இரண்டும் விழுகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நாலு டயரும் ஒரே அளவா என்று கவனியுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகளும் சேர்ந்து போகும்.

இப்போது உங்கள் கணக்கு. சேமிப்பு 70, சின்ன காரின் பணம் 30, மொத்தம் 100. இதில் வீட்டின் ஆறு மாதச் செலவை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். உங்கள் குடும்பத்துக்கு அது 30 என்று எடுத்துக்கொள்கிறேன், சரியான எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மீதி 70. அதில் கால் பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக, 20ஐ முதல் ஆண்டு ரிப்பேருக்கு ஒதுக்குங்கள். 17 வயது வண்டியில் ஆயில்கள், பேரிங், புஷ், பிரேக், டயர் என்று முதல் ஆண்டிலேயே அந்தப் பணத்துக்கு வேலை வந்துவிடும். ஆக வண்டிக்கு 50. அவசரம் இல்லையென்றால், கடன் வாங்கியிருந்தால் கட்டியிருப்பீர்களே, அந்த 1.08ஐ மாதாமாதம் ஓர் ஆண்டு சேர்த்து வையுங்கள். 13 சேரும். அப்போது வண்டிக்கு 60, ரிப்பேருக்கு 23. கடனே இல்லை.

அந்தப் பணத்துக்கு இதே மாதிரி பெரிய வண்டியைத் தேடாதீர்கள். மலிவாகக் கிடைக்கும் பெரிய வண்டிதான் பராமரிக்க அதிகம் கேட்கும். சின்னதாக, எடை குறைவாக, ஃபோர் லோ உள்ளதைப் பாருங்கள். 1998இல் வந்து 2018 வரை விற்ற மூன்றாம் தலைமுறை சுஸுகி ஜிம்னி நல்ல உதாரணம். எடை ஏறக்குறைய 1,000 கிலோதான், ஆனால் தனி சேஸிஸ் இருக்கிறது, ஃபோர் லோவும் உண்டு. சேற்றில் எடை குறைவே பெரிய பலம். தினமும் அலுவலகத்துக்கு எடுத்தாலும் எரிபொருளில் உங்களை அந்த அளவு வாட்டாது. 20 ஆண்டு விற்ற மாடல் என்பதால் பழைய பாகங்களும் புழக்கத்தில் இருக்கும். எந்த மாடலைப் பார்த்தாலும், முன்பணம் கொடுக்கும் முன் கிளட்ச், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டுக்கும் உதிரிபாகம் கிடைக்கிறதா என்று இரண்டு கடையில் கேட்டுவிடுங்கள்.

இந்த மழைக்காலத்தை எப்படிக் கடப்பது என்று கேட்பீர்கள். தேவைப்படும் வார இறுதிகளில் மட்டும் ஃபோர் வீல் டிரைவ் வாடகைக்கு எடுங்கள், அல்லது 4 கிலோமீட்டருக்கு முன்பே காரை நிறுத்திவிட்டுத் தோட்டத்து டிராக்டரை வரச் சொல்லுங்கள். ஓர் ஆண்டில் உண்மையில் எத்தனை நாள் அந்தப் பாதையில் சிக்கல் வருகிறது என்று குறித்து வையுங்கள். வண்டி பார்க்கும் நாளில் மெக்கானிக் எழுதித் தரும் ரிப்பேர் பட்டியலையும் அந்தக் குறிப்பையும் எனக்கு அனுப்புங்கள், எந்த விலைக்குக் கேட்கலாம் என்று சொல்கிறேன்.