ஐயாயிரம் பேரின் தொகுதி

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அட்லின் என்று ஒரு தொகுதி இருந்ததாம். ஐயாயிரம் பேருக்கு ஒரு எம்.எல்.ஏ.! அந்தக் கேலிக்கூத்தை ஒழித்தது சரிதானே? தலைக்கணக்கு ஒன்றுதானே அளவுகோல்?
(வாசகர், திருச்சி)

பதில்: ஒழித்தது சரி. கேலிக்கூத்து என்பதை ஏற்க மாட்டேன்.

கணக்கில் நியாயம் உங்கள் பக்கம்தான். 1980களில் அட்லினின் 5,511 பேருக்கு ஓர் உறுப்பினர். அதே மாகாணத்தின் சர்ரே-நியூட்டன் தொகுதியின் 68,347 பேருக்கும் அதே ஓர் உறுப்பினர். இவ்வளவு ஏற்றத்தாழ்வு வாக்குரிமைக்கு விரோதம் என்று 1989-ல் நீதிபதி பெவர்லி மெக்லாக்லின் தீர்ப்பளித்தார். 1991 தேர்தலில் அட்லின் தொகுதி இல்லை. ஆனால் தலையை எண்ணிச் சரிசமமாக வெட்டுங்கள் என்று அவரும் சொல்லவில்லை. நிலப்பரப்பு போன்ற காரணங்களுக்காக ஓரளவு வித்தியாசம் இருக்கலாம் என்றே சொன்னார். அட்லின் தொகுதி, கனடாவின் வடக்கே உள்ள யூகானையும் அமெரிக்காவின் அலாஸ்காவையும் ஒட்டிய பிரதேசம். அட்லின் ஊருக்குக் காரில் போக இன்றும் யூகானுக்குள் நுழைந்துதான் வர வேண்டும்.

சரி, அங்கே இருந்தவர்கள் யார் என்று பார்த்தீர்களா? நாஸ் ஆற்றங்கரையின் நிஸ்கா பூர்வகுடிகளும் அந்தத் தொகுதியில்தான் இருந்தார்கள். மாகாணத் தேர்தலில் பூர்வகுடிகளுக்கு ஓட்டு கிடைத்ததே 1949-ல். அதே ஆண்டு அட்லின், நிஸ்கா இனத்தவரான ஃபிராங்க் கால்டரைத் தேர்ந்தெடுத்தது. பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று குறிப்பிடும் கனடாவின் ‘இந்தியர் சட்ட’த்தின்கீழ் பதிவான ஒருவர் கனடாவில் சட்டமன்றம் ஒன்றுக்குள் போனது அதுவே முதல் முறை. நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய மக்களுக்கு முழு ஓட்டுரிமை வர 1960 ஆகிவிட்டது! நகரத்து ஓட்டுகள் நிறைந்த பெரிய தொகுதி ஒன்றில் கரைத்திருந்தால், அன்று கால்டர் ஜெயித்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்தக் கால்டர்தான் நிஸ்கா மக்களின் நில உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனவர். 1973-ல் வழக்கு தோற்றது. ஆனால் பூர்வகுடிகளின் நில உரிமை என்று ஒன்று சட்டப்படி உண்டு என்பதை ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஏற்றார்கள். அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்ததும், 2000-ல் நிஸ்கா உடன்படிக்கை அமலுக்கு வந்ததும் அதன் பிறகுதான்.

தொகுதி அவருக்குச் சொந்தமாகவும் இருந்துவிடவில்லை. இடையில் கட்சி மாறிய அவரை 1979-ல் ஒரே ஓர் ஓட்டில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அட்லின் கடைசியாக, 1986-ல், தேர்ந்தெடுத்த லாரி கூனோவும் நிஸ்கா இனத்தவரே.