ஆலை ஆட்களுக்கு எரிசக்திப் பயிற்சி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்கிறவர்களிடம், எரிசக்தியை மிச்சப்படுத்த ஆட்களைப் பழக்குவதில் என்ன சிக்கல் என்று கேட்டிருந்தேன். நிறைய கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். செம்பனை ஆலைகளில் ஸ்டீம் இன்ஜினியராக இருந்துவிட்டு இப்போது பயிற்சி கொடுப்பதை மட்டும் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

லங்காப், செம்பனை ஆலை, ஷிஃப்ட் சூப்பர்வைசர்: அண்ணே, எங்கள் பாய்லர் செம்பனை நாரிலும் கொட்டை ஓட்டிலும் எரிகிறது. இரண்டும் மில்லிலேயே கிடைக்கிறது. "சும்மா கிடைக்கிறதை மிச்சம் பிடிக்க ஒரு கோர்ஸா?" என்று பசங்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

எதுவும் சொல்லாதீர்கள் தம்பி, எடைப்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓடு ஏற்றிக்கொண்டு வெளியே போகிற லோரியின் ரசீதைக் காட்டுங்கள். செம்பனைக் கொட்டை ஓட்டை ஜப்பானிய மின்நிலையங்கள் கப்பல் கப்பலாக வாங்குகின்றன. உள்ளூரிலும் ஆள் இருக்கிறது. 100 டன் குலை உள்ளே போனால் சுமார் 13 டன் நாரும் 6 டன் ஓடும் கிடைக்கும். ஸ்டீமை ஒழுங்காகப் பயன்படுத்துகிற மில்லில் பெரும்பாலும் நாரே போதும், ஓட்டைக் கொஞ்சம் கலந்தால் சரி. ஸ்டீமை வீணாக்குகிற மில்லில் ஓடு முழுக்க அடுப்புக்குள் போய்விடும். அப்படிப் போகிற ஒவ்வொரு டன்னும் லோரியில் ஏறியிருக்க வேண்டிய வெள்ளி, அதாவது ரிங்கிட்.

ஸ்டீம் இறங்கி, மின்சாரம் எடுக்கிற டர்பைன் நின்றால் டீசல் ஜென்செட்டை ஓட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டீசல் யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் பயிற்சியின் முதல் ஒரு மணி நேரத்துக்கு வகுப்பறையே வேண்டாம். ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பேசினால் போதும்.

ஊத்தான் மெலிந்தாங், உதவி இன்ஜினியர்: ஐயா, எங்களுக்கு ஸ்டீம் அடிக்கடி இறங்குகிறது. பாய்லர்மேனைத்தான் எல்லாரும் திட்டுகிறோம். அவருக்கு எந்தப் பயிற்சி கொடுக்கலாம்?

முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். பத்து மில்லில் இந்தப் புகார் வந்தால் ஏழெட்டில் கோளாறு ஸ்டெரிலைசர் பக்கம்தான் இருக்கிறது.

நடப்பது இதுதான். மூன்று ஸ்டெரிலைசர் இருக்கிற மில் என்று வைத்துக்கொள்வோம். குலையை வேகவைக்க ஒவ்வொன்றிலும் மூன்று தடவை அழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். இரண்டு ஸ்டெரிலைசர் ஒரே நேரத்தில் ஏற ஆரம்பித்தால் பாய்லர் தாங்காது. அழுத்த மீட்டரின் முள் விழும். பாய்லர்மேன் பதறிப்போய் நாரை அள்ளிக் கொடுப்பார், கரும்புகை கிளம்பும். பத்து நிமிஷத்தில் இரண்டும் நிரம்பிவிடும், இழுப்பு நின்றுவிடும். ஆனால் அடுப்பில் அள்ளிப்போட்டது எரிந்துகொண்டுதானே இருக்கும்? அந்த ஸ்டீம் எங்கே போகும்? டர்பைனைத் தாண்டி, ஸ்டீமைப் பிடித்துவைக்கிற பேக் பிரஷர் வெசல் என்ற தொட்டிக்கு வந்து, அங்கும் இடமில்லாமல் கூரைக் குழாய் வழியாகப் பீறிட்டு வெளியேறும். வெளியே நிற்பவர்களுக்கு அது வெள்ளைப் புகை. உங்களுக்கு அது எரிந்துபோன ஓடு.

பாய்லர்மேனுக்கு ஸ்டெரிலைசர் தெரிகிற மாதிரி இடம் இருக்காது. ஸ்டெரிலைசர்க்காரருக்குப் பாய்லர் முள் தெரியாது. இவர்கள் இருவரையும் தனித்தனிக் கோர்ஸுக்கு அனுப்பி என்ன பயன்? ஒரே நாளில் சேர்த்து உட்கார வையுங்கள். ஒரு ஷிஃப்டுக்கு இடம் மாற்றிப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஸ்டெரிலைசர் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, எது எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். நேரம் மாறுகிறதென்றால் வாக்கி-டாக்கியில் ஒரு வார்த்தை: "அண்ணே, மூன்றாம் நம்பர் ஏத்தப்போறேன்." இந்த ஒரு வார்த்தையைப் பழக்கமாக்குவதுதான் உங்கள் மில்லுக்கான பயிற்சி.

இன்னொன்று காற்று. கதவை மூடியதும் உள்ளே இருக்கிற காற்றை ஒழுங்காக வெளியேற்றவில்லை என்றால் முள் 3 பார் அழுத்தம் காட்டும், சூடு மட்டும் இருக்காது. சுத்தமான ஸ்டீம் 3 பாரில் ஏறக்குறைய 143 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். காற்று கலந்தால் அது குறையும், பழம் குலையை விட்டு உதிராது. ஆபரேட்டர் என்ன செய்வார்? இன்னும் பத்து நிமிஷம் வேகவைப்பார். தினமும் எல்லாச் சுற்றிலும் அந்தப் பத்து நிமிஷம் சேர்ந்துகொண்டே போகும். சாதாரணமாக ஒரு டன் குலைக்கு அரை டன் ஸ்டீம் என்பது கணக்கு. அதைத் தாண்டினால் முதலில் இங்கே வந்து பாருங்கள். முள்ளை மட்டும் பார்க்கப் பழகியவருக்கு வெப்பமானியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் காற்று உள்ளே இருக்கிறது என்பதை அவரே கண்டுபிடித்துவிடுவார். அப்படிக் கண்டுபிடித்த ஆபரேட்டரின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

பாகான் டத்தோ, தேங்காய் பதனிடும் ஆலை: எங்களிடம் சின்ன டீசல் பாய்லர் ஒன்றுதான். ஆபரேட்டருக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லித்தருவதென்றால் எது?

புகைபோக்கியின் சூட்டைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே லோடில் எழுதுவது. துலக்கிச் சுத்தம் செய்த மறுநாள் இருந்த அளவை விட 20 பாகை ஏறியிருந்தால் ஏறக்குறைய 1 விழுக்காடு எண்ணெய் புகையோடு போகிறது என்று பொருள். குழாயில் புகை ஓடுகிற பக்கம் கரி படிந்திருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் இருக்கிற பக்கம் உப்பு படிந்திருக்கும். உப்பு என்றால் தண்ணீரின் கடினத்தைப் போக்குகிற சாஃப்ட்னரை உடனே பாருங்கள். குழாய்க்கும் அது ஆபத்து.

பீடோர், ரப்பர் பொருள் தொழிற்சாலை, மெயின்டனன்ஸ் ஃபோர்மேன்: கம்ப்ரெசர் இரண்டும் இரவு பகலாக ஓடுகிறது. மூன்றாவது வாங்கலாம் என்கிறார் மேனேஜர். ஆட்களைப் பழக்கினால் இது குறையுமா?

குறையும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. காற்றைப் பயன்படுத்துகிற மெஷின் எல்லாம் நிற்கிற நேரமாகப் பார்த்து ஒரு கம்ப்ரெசரை மட்டும் ஓடவிடுங்கள். அது லோடில், அதாவது காற்றை அழுத்தி நிரப்பிக்கொண்டு, எத்தனை நிமிஷம், லோடு இல்லாமல் சும்மா சுற்றுவது எத்தனை நிமிஷம் என்று ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்கட்டும். லோடில் 2 நிமிஷம், சும்மா 6 நிமிஷம் என்றால் மொத்தம் 8-இல் 2. அதாவது யாரும் காற்றைத் தொடாதபோதே கம்ப்ரெசர் திறனில் கால் பங்கு ஓட்டை வழியாகப் போகிறது. பராமரிப்பில்லாத ஆலையில் 20 முதல் 30 விழுக்காடு ஒழுகுவது சாதாரணம். 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 7 பாரில், சுமார் 3 கிலோவாட் தின்னும். நாள் முழுக்க ஓடினால் மாதம் 2,000 யூனிட்டுக்கு மேல்.

பிறகு சோப்புத் தண்ணீரும் சிவப்பு அட்டையும் கொடுத்து ஆட்களை அனுப்புங்கள். ஓட்டை கண்ட இடத்தில் அட்டையைக் கட்டட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கட்டிய அட்டையை அதே வாரத்தில் சரிசெய்து கழற்ற வேண்டும். ஒரு தொழிற்சாலையில் ஆட்கள் ஆசையாகக் கட்டிய அட்டைகள் மாதக்கணக்கில் தூசி படிந்து தொங்குவதைப் பார்த்தேன். அங்கே யாரும் இப்போது எதையும் சொல்வதில்லை. ஆட்களின் அக்கறையை இப்படிக் கொல்வது மின்சாரத்தை வீணாக்குவதை விடப் பெரிய நஷ்டம்.

ஓட்டையை அடைத்த பிறகு அழுத்தத்தை மெல்லக் குறைத்துப் பாருங்கள். 8 பாரில் ஓடுவது 7-இல் ஓடினால் மின்சாரம் ஏறக்குறைய 7 விழுக்காடு குறையும். காற்றுக் குழாயை வைத்துச் சட்டைத் தூசியைத் தட்டுகிற பழக்கத்தையும் அன்றே நிறுத்துங்கள். அது உயிருக்கே ஆபத்து.

தெலுக் இந்தான், ஒரு தொழிற்சாலைக் கிராணி: அண்ணா, நான் அலுவலகத்தில் மின்கட்டணம் சரிபார்க்கிறேன். மெஷின் பக்கம் போனதில்லை. இந்தப் பயிற்சியில் எனக்கு இடம் உண்டா?

கட்டாயம் உண்டு தங்கச்சி. பில்லில் மேக்சிமம் டிமாண்ட் என்று ஓர் அளவு இருக்கும். மாதம் முழுக்க எந்த 30 நிமிஷத்தில் அதிகமாக இழுத்தீர்களோ, அந்த அரை மணி நேரத்தின் சராசரியை வைத்துப் போடுகிற கட்டணம். எல்லா மோட்டாரையும் ஒன்றாகத் தட்டிவிட்டு முழு லோடில் ஓட்டினால் அந்த அரை மணி நேரத்துக்காக மாதம் முழுக்கக் கட்ட வேண்டியிருக்கும். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற மின்சாரத்தில் உருப்படியாகப் பயன்படுகிற பங்கு, 0.85-க்குக் கீழே போனாலும் அபராதம் வரும். இவை இரண்டும் முதலில் தெரிவது உங்களுக்குத்தான், மெஷின் பக்கம் இருப்பவருக்கு இல்லை. அந்த எண்ணைப் பெரிதாக எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். ஃபோர்மேனை உட்கார வைத்து பில்லை விளக்குங்கள். அவர் உங்களுக்கு மோட்டார் ஸ்டார்ட் செய்கிற வரிசையைக் காட்டட்டும்.

சிலிம் ரிவர், எலெக்ட்ரிகல் டெக்னீஷியன்: ஃபேன்களுக்கு, வேகத்தை மாற்றுகிற இன்வெர்ட்டர் மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. பில் குறையவே இல்லை. சாமான் மட்டமா?

சாமானைச் சொல்வதற்கு முன் பேனலைத் திறந்து எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பாருங்கள். 50-இல் நிற்கும், காற்றைத் தடுக்கிற மடலான டேம்பர் பாதி மூடியிருக்கும். பந்தயம் கட்டலாம். மாட்டிய கம்பெனிக்காரர் ஆபரேட்டரிடம் எதுவும் சொல்லாமல் போயிருப்பார். ஆபரேட்டர் பழைய மாதிரி டேம்பரைத் திருகிக் காற்றைக் குறைத்துக்கொண்டிருப்பார். பிரேக்கை மிதித்துக்கொண்டே எண்ணெய் மிதியை அழுத்துகிற கதைதான் இது. டேம்பரை முழுக்கத் திறக்கச் சொல்லி, வேகத்தை 40-க்கு இறக்குங்கள். ஃபேன் வேகம் 80 விழுக்காடானால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும், ஏனென்றால் வேகத்தின் மும்மடிக் கணக்கில் அது மாறுகிறது. கம்பியில் ஓடுகிற மின்சாரத்தை அளக்கிற கிளாம்ப் மீட்டரை ஆபரேட்டர் கையிலேயே கொடுத்து, முன்னும் பின்னும் அவரையே படிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பார்த்தவர் மறுபடி டேம்பர் பக்கம் போகமாட்டார்.

பெயர் வேண்டாம் என்றவர்: புதுச் சட்டப்படி எல்லா ஆலைக்கும் எரிசக்தி மேனேஜர் வேண்டுமாமே?

எல்லாவற்றுக்கும் இல்லை. 2024-ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், 861-ஆம் எண் சட்டம், 2025 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்திலும் லபுவானிலும் நடப்புக்கு வந்தது. வருஷத்துக்கு 21,600 கிகாஜூல் எரிசக்தி அல்லது அதற்கு மேல் பயன்படுத்துகிற ஆலைகள் பதிவுபெற்ற எரிசக்தி மேனேஜரை வைக்க வேண்டும், ஆடிட் செய்ய வேண்டும். மின்சாரம் மட்டும் என்றால் அது 60 லட்சம் யூனிட். 2008-இல் வந்த பழைய விதிமுறை மின்சாரத்தை மட்டும் பார்த்தது, இது வெப்பத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மேனேஜரை வைத்துவிட்டால் ஆட்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று நினைக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். அவர் அறிக்கை எழுதலாம். வால்வு அவர் கையில் இல்லையே.

சங்காட் ஜோங், மில் ஃபோர்மேன்: எங்களிடம் பாதிப் பேர் வங்காளதேசம், நேபாளம். கோர்ஸ் நடத்தினால் புரிவதில்லை.

படம் எடுங்கள். சரியான முள் நிலையை மீட்டர் கண்ணாடியிலேயே பச்சை நாடாவால் ஒட்டிவிடுங்கள். பச்சைக்கு வெளியே போனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பக்கத்தில் ஒரு முகம், ஒரு நம்பர். மலாயில் நாலு வாக்கியம் போதும்.

லங்காப், 34 வயது ஆபரேட்டர்: அண்ணே, பன்னிரண்டு வருஷமாக அதே மெஷின். எல்லாம் தெரியும், சர்டிபிகேட் கிடையாது. பயிற்சிக்கு எப்போதும் ஆபீஸ் ஆட்களைத்தான் அனுப்புகிறார்கள்.

தம்பி, உங்கள் கேள்விதான் எனக்கு ரொம்ப வலித்தது. ரப்பரை வெட்டிவிட்டு செம்பனை போட்ட காலத்தில் இருந்து இந்த வட்டாரத்து மில்களை ஓட்டியதில் நம் ஆட்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கைக்கு வந்த வேலை காகிதத்தில் இல்லாததால் பதவி உயர்வு வராமலே போனவர்கள் நிறைய. நீங்கள் அப்படி ஆகக்கூடாது.

எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தை வைத்து வாங்க வழி இருக்கிறது. அதற்குப் பெயர் பி.பி.தி., முன் அனுபவ அங்கீகாரம். செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். இன்றே சேர்க்க ஆரம்பியுங்கள்: லாக் ஷீட் நகல், வேலை செய்கிற படம், நீங்கள் சரிசெய்த கோளாறு, தேதியோடு, சூப்பர்வைசர் கையெழுத்தோடு. பாய்லர் பக்கம் என்றால் ஜே.கே.கே.பி., அதாவது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா நடத்துகிற தேர்வு தனி.

பயிற்சிக்குப் பணமில்லை என்று கம்பெனி சொன்னால் எச்.ஆர்.டி. கோர்ப் லெவியைப் பற்றி, அதாவது பயிற்சிக்கென்று முதலாளிகள் கட்டுகிற பணத்தைப் பற்றிக் கேளுங்கள். சட்டத்துக்கு உட்பட்ட துறையில் 10 மலேசியத் தொழிலாளர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கிற முதலாளி, சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டியாக வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அந்தப் பணம் உங்களைப் போன்றவர்களின் பயிற்சிக்காகத்தான் இருக்கிறது. மரியாதையாக எழுத்தில் கேளுங்கள்.

ஊத்தான் மெலிந்தாங், மில் மேனேஜர்: கோர்ஸ் முடிந்து மூன்று மாதம் நன்றாக இருக்கிறது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி. என்ன செய்யலாம்?

ஷிஃப்டுக்கு ஓர் எண் கொடுங்கள், ஒன்றே ஒன்று. ஒரு டன் குலைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பது நல்ல எண். பெரும்பாலான மில்களில் அது 17-இல் இருந்து 20 வரை இருக்கும். ஷிஃப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் அதைச் சொல்லி ஒப்படைக்கட்டும். ஏறியிருந்தால் காரணத்தையும் சொல்லட்டும். காலைக் கூட்டத்தில் டன் கணக்கைக் கேட்பதற்கு முன் நீங்கள் இந்த எண்ணைக் கேளுங்கள் சார். நீங்கள் ஒரு வாரம் கேட்காமல் விட்டால் அடுத்த வாரம் யாரும் எழுதமாட்டார்கள்.

வெளியில் இருந்து என்னைப் போன்றவரை வருஷா வருஷம் கூப்பிடுவதும் வேண்டாம். உங்கள் ஆட்களில் மற்றவர்கள் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார்களோ, அவரைப் பயிற்றுநராக்குங்கள். அதற்கென்று ஒரு படி கொடுங்கள். மிச்சப்பட்ட ஓட்டின் காசில் ஒரு பகுதி போனஸாக வந்தால் பிறகு நீங்கள் துரத்த வேண்டியதே இல்லை.

பீடோர், ஃபோர்மேன் மறுபடியும்: பயிற்சிக்குக் கருவி வாங்க 1,500 வெள்ளிதான் தருகிறார்கள். எதை வாங்குவது?

நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்று, இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று, ஸ்டாப் வாட்ச் இரண்டு, சோப்புத் தெளிப்பான். மீதிக்கு வெள்ளைப் பலகை வாங்குங்கள். ஆட்கள் கையில் கொடுத்துவிடுங்கள், ஸ்டோரில் வைத்துப் பூட்டவேண்டாம். ஸ்டீம் ஃப்ளோ மீட்டரை அடுத்த வருஷ பட்ஜெட்டில் கேட்டுக்கொள்ளலாம்.