மடிப்பை முடிவு செய்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள்

கேள்வி: பண்டிகைகளுக்கு விதவிதமான வடிவங்களில் வாழ்த்து அட்டைகளை வீட்டிலேயே செய்ய என்ன வழி? பிள்ளைகளும் சேர்ந்து செய்ய வேண்டும்.

எல்லோரும் உருவத்தை வரைவதில்தான் தொடங்குகிறார்கள். நான் மடிப்பில் தொடங்கச் சொல்வேன். அட்டை திறந்து மூட வேண்டுமானால் உருவத்தின் ஏதாவது ஒரு விளிம்பு நேராக இருந்து, அங்கே கத்தரிக்கோல் படாமல் இருக்க வேண்டும். அந்த இடம் போய்விட்டால் கையில் மிஞ்சுவது இரண்டு துண்டுகள்.

அதனால் முதல் அட்டைக்குப் பொங்கல் பானையே நல்ல தேர்வு. பானையின் வாய் நேர்கோடு, அதுவே மடிப்பு. வயிறு கொஞ்சம் கோணலாக வந்தாலும் பானை பானைதான், பிள்ளைகள் கை வைக்கலாம்.

நான் செய்யும் அளவு இது. 10 சென்டிமீட்டர் அகலம், 22 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு; ஒரு ஏ4 தாளில் இரண்டு கிடைக்கும். நடுவில் குறுக்காகப் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே முன்பக்கம், மேலே பின்பக்கம். கோட்டின் நடுவே 7 சென்டிமீட்டர்தான் பானையின் வாய். அதற்கும் நடுவில் 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு, பொங்கி வழியும் நுரையைக் கோட்டின் மேல்புறம் வரையுங்கள். உயரம் 3 சென்டிமீட்டர் போதும். அந்த நுரையின் வளைவை மட்டும் பேப்பர் கட்டரால் வெட்டுங்கள். அடிக்கோட்டைத் தொடக் கூடாது. இதைப் பெரியவர்கள் செய்யட்டும். அடியில் பழைய தினசரி காலண்டரின் அட்டையை வைத்துக்கொண்டால் மேசை தப்பிக்கும்.

பிறகு நுரைக்கு இரண்டு பக்கமும் மிஞ்சும் ஒன்றரை சென்டிமீட்டரில் மட்டும், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்து மடியுங்கள். நுரை மடியாது, முன்பக்கத்தோடு ஒட்டியபடி பானைக்கு மேலே தானாக எழுந்து நிற்கும். நுரையை வெட்டிய பிறகுதான் மடிக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே தாளை மடித்தால் நுரையின் அடியிலும் மடிப்புத் தடம் விழுந்து அது தலை கவிழும். கடைசியாக, மடித்த இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடித்துப் பானையின் உருவத்தை வெட்டுங்கள். நுரையின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டால் முடிந்தது.

இதே உத்தி தீபாவளிக்கும் உதவும்: அகல் விளக்கின் விளிம்பு மடிப்பு, சுடர் மேலே எழும். ரம்ஜான் பிறைக்கு முதுகு வளைவில் மூன்று நான்கு சென்டிமீட்டரைச் சப்பையாக்கி மடிப்பில் வையுங்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரம்தான் படுத்தும். அதற்கு நேர் விளிம்பே கிடையாது. முனையை வெட்டி மொட்டையாக்குவதைவிட, தனித்தனியாக இரண்டு நட்சத்திரங்கள் வெட்டி, ஒரு முனையில் துளையிட்டு நூலால் கோத்துவிடுவது அழகாக இருக்கும்.

தாள் விஷயம். கடையில் சுருட்டித் தரும் சார்ட் பேப்பர் மலிவு, நிறங்களும் நிறைய. ஆனால் மெல்லியது, சுருண்ட புத்தி போகாது, அட்டை நிற்காமல் சாய்கிறது. 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) அளவில் தடித்த தாள் கேளுங்கள். தாளுக்கும் வாட்டம், அதாவது நார் ஓடும் திசை உண்டு: இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எதிர்ப்பு குறைவாக உள்ள பக்கமாக மடித்தால் மடிப்பு வெடிக்காது. காசே செலவழிக்க விருப்பமில்லை என்றால் வீட்டில் குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. எழுத்தில்லாத பக்கத்தைப் பயன்படுத்தலாம். பொன்னிற ஓரத்தைக் கத்தரித்துப் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்துக்குப் பக்கத்தில் ஒட்டலாம்.

ஜிகினாத் தூள் வேண்டவே வேண்டாம். கவரைப் பிரிப்பவர் வீட்டுச் சோற்றுத் தட்டு வரை அது போய்ச் சேரும். சிவகாசியில் அச்சாகி வந்த அந்தக் காலப் பொங்கல் வாழ்த்துகளில் ஜிகினா மின்னியதை நினைத்து ஏங்குபவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

வாழ்த்தை, அலங்காரத்தை ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஒட்டிய பிறகு எழுதினால் மேடுபள்ளத்தில் பேனா தடுக்கும். பின்பக்கத்தில் நுரை எழுந்த இடம் ஓட்டையாக இருக்கும், அதற்குக் கீழே எழுத இடம் போதுமானது.

தபாலில் அனுப்புவதாக இருந்தால் உருவம் எதுவானாலும் கவர் செவ்வகமாகவே இருக்கட்டும். நான் சொன்ன பானை நுரையோடு சேர்த்து 14 சென்டிமீட்டர் உயரம். 114க்கு 162 மில்லிமீட்டர் கவரில் அடங்கும். எடையும் கவலையில்லை. வெட்டுவதற்கு முன்பே அந்தத் துண்டு ஐந்தரை கிராம்தான். கவரும் அலங்காரமும் சேர்ந்தாலும் சாதாரணக் கடிதத்துக்கான முதல் 20 கிராமைத் தாண்டாது. கூர்முனை உள்ள உருவங்களை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் சுற்றி உள்ளே வையுங்கள். இல்லையென்றால் முனை கவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.